கணக்கெடுப்பில் மாநகர் மன்றத்துக்கு என்ன வேலை? பட்டர்வொர்த் வாசகியின் கேள்விக்கு ஒரு பதில்

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் கட்டடத்தில் பல வீடுகள் விடுபட்டதாகப் பேச்சு அடிபடுகிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு முன் மாநகர் மன்றத்திடம் போய் உதவி கேட்கலாமா, அல்லது "இது மத்திய அரசின் வேலை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா? கேள்வியின் கடைசி வரியில் இன்னொரு கவலையும் இருக்கிறது. மன்றத்தை இதற்குள் இழுத்தால், அறைகளை வாடகைக்கு விட்டவர்களுக்கும், பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அனுமதி இல்லாமல் பின்கட்டு எழுப்பியவர்களுக்கும் பிறகு நோட்டீஸ் வராதா? ஆக, மன்றத்தால் உதவ முடியுமா என்பது ஒரு கேள்வி, அந்த உதவி நமக்கு நல்லதா என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கனமானது என்று நினைக்கிறேன். நான் ஊராட்சி மன்றம் ஒன்றின் நகரத் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். கணக்கெடுப்பு நெருங்கும்போது கட்டடப் பட்டியலையும் வரைபடங்களையும் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது. புள்ளியியல் துறைக்குள் நான் இருந்ததில்லை. மன்றத்தின் பக்கம் நின்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சி, மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1960 கணக்கெடுப்புச் சட்டத்தின் கீழ் எண்ணுவது மலேசியப் புள்ளியியல் துறை. பினாங்குத் தீவின் மாநகர் மன்றமோ உங்கள் செபராங் பிறை மாநகர் மன்றமோ ஒரு வீட்டைக்கூடத் தானாக எண்ண முடியாது, எண்ணச் சொல்லி ஆணையிடவும் முடியாது. கோலாலம்பூரில் நிலைமை சற்று வேறு. அது கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அங்குள்ள மாநகராண்மைக் கழகமும் மத்திய அரசின் குடையின் கீழேயே இருக்கிறது. செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் காகிதத்தில் ஒரே வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாம். பினாங்கில் மாநிலத்தின் கீழ் உள்ள மன்றமும் மத்தியத் துறையும் கடிதத்தாலும் நல்லெண்ணத்தாலும்தான் இணைய வேண்டும். அதனால் இங்கே யாராவது கேட்டால்தான் வேலை நகரும். உங்களைப் போன்றவர்கள் போய்க் கேட்பது வீண் அல்ல என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

எண்ணும் முறையைக் கொஞ்சம் பார்த்தால் மன்றம் எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பது விளங்கும். நாடு முழுவதும் கணக்கெடுப்பு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் ஏறக்குறைய 80 முதல் 120 குடியிருப்பிடங்கள் இருக்கும். முதலில் அந்த வட்டாரத்தில் உள்ள குடியிருப்பிடங்களின் பட்டியல் தயாராகிறது. பிறகுதான் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களை எண்ணுகிறார்கள். பட்டியலில் ஒரு கதவு இல்லையென்றால் அதன் பின்னால் இருக்கும் ஆறு பேரை யாரும் தேடி வர மாட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாமலோ பதில் சொல்ல மறுத்தோ விடுபட்டவர்களை மறுபடி போய்ப் பார்க்க முடியும். பட்டியலிலேயே இல்லாதவர்களுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பும் கிடையாது. அதனால் ஒரு வட்டாரத்தின் கணக்கு நன்றாக அமையுமா என்பது எண்ணும் நாளுக்கு ஓராண்டு, இரண்டாண்டு முன்பே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது.

பிறையில் ஓர் இணைவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி கேட்டில் ஓர் எண், மன்றத்தின் மதிப்பீட்டு வரிக் கணக்கு ஒன்று, தண்ணீர் மீட்டர் ஒன்று. உள்ளே முன்னறையில் வீட்டுக்காரரின் தாயார், மாடியில் ஒரு குடும்பம், பின்கட்டில் தனி வாசலோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு. கணக்கெடுப்பு விதிப்படி ஒன்றாக வசித்து, உணவுக்கும் மற்றத் தேவைகளுக்கும் ஒன்றாக ஏற்பாடு செய்துகொள்பவர்கள்தான் ஒரு குடும்பம். அடுப்பு மூன்று எரிந்தால் குடும்பம் மூன்று. பழகிய களப்பணியாளர் வாசலில் கிடக்கும் செருப்புகளையும், பின்சந்தில் நிற்கும் கேஸ் சிலிண்டர்களையும், துணி காயும் கொடிகளையும் பார்த்துவிட்டுத்தான் மணியை அழுத்துவார். ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இது இன்னும் கடினம். கீழே கடை பூட்டிக் கிடக்கும். ஐந்தடி நடைபாதையின் ஓரத்தில் ஒரு குறுகிய மரப்படி மேலே போகும். அங்கே தடுப்புப் பலகைகளுக்குப் பின்னால் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பது தெருவில் நிற்பவருக்குத் தெரியாது.

இந்தக் கதவுகளைப் பற்றி ஓரளவு தெரிந்த அலுவலகம் ஊராட்சி மன்றம்தான். வீட்டெண்ணும் தெருப் பெயரும் அதன் பொறுப்பு. எந்த நிலத்தில் எத்தனை வீடுகளுக்குத் திட்ட அனுமதி கொடுத்தோம், அவற்றில் எத்தனை கட்டி முடிந்தன என்ற கோப்புகள் அதனிடம் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி பில் அனுப்புகிறது. உணவுக்கடை, தங்கும் விடுதி, தொழிலாளர் விடுதி எங்கே இருக்கிறது என்பது உரிமப் பிரிவுக்குத் தெரியும். பத்து காவானைப் போலப் பத்தே ஆண்டில் முகம் மாறிய இடங்களில் பழைய வட்டார வரைபடத்தை வைத்துக்கொண்டு களத்தில் இறங்கினால் பெரிய தடுமாற்றம் வரும். இதற்கு எதிர்மாறான நிலைமையும் உண்டு. குளுகோரில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டது. 2000 கணக்கெடுப்பில் அங்கே ஒரு கிராமம் இருந்தது, 2010இல் இல்லை. அப்படிக் கலைந்த குடும்பங்கள் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ ஒண்டிக்கொள்ளும் காலத்தில் கணக்கெடுப்பு வந்தால், அவர்கள் விடுபடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். எங்கே எந்தக் குடியிருப்பு காலி செய்யப்பட்டது, மக்கள் எந்த அடுக்ககத்துக்கு மாற்றப்பட்டார்கள் என்ற தகவல் மன்றத்திடமும் மாநில அரசிடமும்தான் இருக்கும்.

ஆனால் மன்றத்தின் பட்டியலை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வரிப் பட்டியல் சொத்தை எண்ணுகிறது, குடும்பத்தை எண்ணுவதில்லை. மேலே சொன்ன பிறை வீட்டுக்கு அதில் ஒரே வரிதான். அனுமதி பெறாத பின்கட்டு அதில் இருக்கவே இருக்காது. இன்னொரு பக்கம், முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டி வைத்த சொகுசு அடுக்ககங்கள் நூறு வரியாக நிற்கும், உள்ளே பத்துப் பேர் இருப்பார்கள். எனவே பட்டியலைக் கொடுப்பது பாதி வேலைதான். தெருவைத் தெரிந்த ஒருவர் அதை நடந்து சரிபார்ப்பது மறுபாதி. கிராமச் சமூக நிர்வாக மன்றங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் தோட்டத்துப் பெரியவர்களும் பயன்படும் இடம் அதுதான். நிபோங் தெபால் பக்கம் பழைய தோட்டக் குடியிருப்புகளில் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் ஆள் இருக்கிறது என்பதை எந்தக் கணினியும் சொல்லாது.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1994இல் வந்த ஒரு சட்டத்தின்படி, உள்ளூர் ஆட்சிகள் கணக்கெடுப்பு அலுவலகத்தின் முகவரிப் பட்டியலை இரகசியக் காப்பு உறுதிமொழியோடு வாங்கிச் சரிபார்த்துத் திருத்தம் கொடுக்கலாம். இந்தியாவில் உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் ஊழியர்களைக் கணக்கெடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்கெடுப்புச் சட்டமே சொல்கிறது. இவ்வளவு செய்தும் ஓட்டை அடைபட்டுவிடுவதில்லை. அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பை மறு ஆய்வு செய்தபோது மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. ஆனால் ஹிஸ்பானியர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடும் கறுப்பினத்தவர் 3.3 விழுக்காடும் குறைத்து எண்ணப்பட்டிருந்தார்கள், வெள்ளையர்கள் 1.6 விழுக்காடு கூடுதலாக எண்ணப்பட்டிருந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளிலும் 2.8 விழுக்காடு விடுபட்டிருந்தது. மொத்தம் சரி என்பதாலேயே ஒவ்வொரு பிரிவும் சரி என்று ஆகிவிடாது. அந்த விழுக்காடுகளை அப்படியே மலேசியாவுக்குப் பொருத்திப் பேசக் கூடாது. எந்த வகை மனிதர் விடுபடுவார் என்ற பாடம் மட்டும் இங்கும் பொருந்தும் என்பதே என் அனுபவம்: வாடகை அறையில் இருப்பவர், அடிக்கடி வீடு மாறுபவர், "இது குழந்தைதானே" என்று பெற்றோர் சொல்ல மறந்த பிள்ளை.

உங்கள் அடுக்ககத்துக்கு வருகிறேன். 2020 கணக்கெடுப்பு நாள் ஜூலை 7. முதல் கட்டம் இணையம் வழியாக நடந்தது. வீடு வீடாகப் போகும் இரண்டாம் கட்டம் அக்டோபரில் நடக்க வேண்டியது, பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021இல்தான் நடந்தது. வெளியாள் உள்ளே வருவதையே மக்கள் அஞ்சிய காலம் அது. காவல் கூண்டில் நின்ற பாதுகாவலர், நிர்வாக அலுவலகத்திலிருந்து தாள் வராத எவரையும் உள்ளே விட்டிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. விவரம் தர மறுப்பது 1960 சட்டப்படி குற்றம் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். இந்தப் பூட்டைத் திறக்க மன்றத்திடம் ஒரு சாவி இருக்கிறது. 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் கூட்டு நிர்வாக அமைப்புகளைக் கண்காணிக்கும் கட்டட ஆணையர் பிரிவு ஊராட்சி மன்றத்தோடுதான் இயங்குகிறது. அந்தப் பிரிவு கணக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பே எல்லா நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: கணக்கெடுப்பாளரின் அடையாள அட்டை எப்படி இருக்கும், எந்தத் தேதியில் வருவார், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவரை அனுமதிக்க வேண்டும், மின்தூக்கி அட்டையைக் கொடுத்து உதவ வேண்டும். இதற்கு மன்றம் செலவழிக்க வேண்டியது காகிதம் மட்டும். மன்றத்தால் செய்யக்கூடிய உதவிகளிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி நோட்டீஸ் பயம். இதை அற்பமாக நினைக்கும் அதிகாரிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒருவர் வாழ்நாள் சேமிப்பில் எழுப்பிய பின்கட்டை இடிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுவதில் என்ன தவறு? சட்டம் சொல்வது இது: கணக்கெடுப்பில் நீங்கள் தரும் தனிப்பட்ட விவரம் இரகசியம். புள்ளியியல் துறை அதை எண்ணிக்கையாகத் தொகுத்துத்தான் வெளியிடும். இன்ன வீட்டில் இன்னார் இருக்கிறார் என்று வரி அலுவலகத்துக்கோ மன்றத்துக்கோ குடிநுழைவுத் துறைக்கோ கொடுக்க முடியாது. தகவல் மன்றத்திலிருந்து துறைக்குப் போகலாம், துறையிலிருந்து ஆள்வாரியாக மன்றத்துக்குத் திரும்பி வரக் கூடாது. இந்த ஒருவழிப் பாதை காப்பாற்றப்பட்டால்தான் மன்றத்தின் உதவி உதவியாக இருக்கும்.

சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் மக்களுக்கு நம்பிக்கை வந்துவிடாது, கண்ணால் பார்ப்பதுதான் நிற்கும். கணக்கெடுப்பாளரோடு மன்றத்தின் அமலாக்க அதிகாரி சீருடையில் ஒரு தெருவுக்குள் நடந்து வந்தால், அந்தத் தெருவின் பாதிக் கதவுகள் சாத்திக்கொள்ளும். உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு வந்திருந்தாலும் அப்படித்தான். அதனால் நான் எப்போதும் சொல்வது: மன்றம் பட்டியலைக் கொடுக்கட்டும், மண்டபத்தைக் கொடுக்கட்டும், சுற்றறிக்கை அனுப்பட்டும், தெருவில் பேனர் கட்டட்டும். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும் நேரத்தில் மன்றத்தின் ஆட்கள் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. கணக்கெடுப்பு நடக்கும் வாரங்களில் அந்த வட்டாரத்தில் கட்டட அமலாக்கச் சோதனைகளைத் தள்ளிவைப்பதும் நல்லது. இதற்கு எழுத்தில் ஓர் உறுதிமொழி கேளுங்கள். மன்ற உறுப்பினர் கூட்டத்தில் சொன்னார் என்பதோடு நின்றுவிடாதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு எண்ணுவதால் என்ன பயன் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அவர்களிடம் மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "எண்ணாவிட்டால் நம் தொகுதி போய்விடும்" என்று சிலர் பேசுகிறார்கள். அது இங்கே சரியல்ல. மலேசியாவில் தொகுதி எல்லைகள் பதிவு பெற்ற வாக்காளர் எண்ணிக்கையை வைத்து வரையப்படுகின்றன, மக்கள் தொகையை வைத்து அல்ல. "நம் மன்றத்துக்கு வரும் பணம் குறையும்" என்பதும் பாதி உண்மைதான். அரசியலமைப்பின் 109வது பிரிவின்படி மத்திய அரசு மாநிலங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியம் தருகிறது. ஆனால் முதல் ஒரு லட்சம் பேருக்குத்தான் வீதம் அதிகம், அதற்கு மேல் வெகுவாகக் குறைந்துவிடும். 17 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பினாங்கில் ஓர் அடுக்ககம் விடுபட்டால் அந்தத் தொகையில் பெரிய மாற்றம் தெரியாது. கோலாலம்பூர் ஒரு மாநிலமே அல்ல என்பதால் இந்த மானியக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அதைத்தான் நான் பல ஆண்டுகள் பார்த்தேன். 1976 நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் கீழ் மன்றம் தயாரிக்கும் உள்ளூர்த் திட்டத்தில், எந்தப் பகுதிக்கு எத்தனை விளையாட்டுத் திடல், மண்டபம், மருத்துவமனைக்கு எவ்வளவு நிலம் என்று ஒதுக்கும்போது கையில் இருக்கும் எண் கணக்கெடுப்பிலிருந்து வருவது. குறைவான எண்ணைக் கொண்டு ஒதுக்கிய நிலத்தில் பிறகு கடைத்தொகுதி எழுந்துவிட்டால், திடல் திரும்பி வராது. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. குடும்ப வருமான ஆய்வு, வேலையின்மை ஆய்வு ஆகியவற்றுக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படைப் பட்டியலே கணக்கெடுப்பு வட்டாரங்களிலிருந்து உருவாவது. பட்டியலில் இல்லாத கதவு அந்த ஆய்வுகளிலும் தேர்வாகாது. பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் அந்தத் தம்பதியைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் மட்டுமல்லாமல், வறுமைப் புள்ளிவிவரத்திலும் ஆண்டுக்கணக்கில் இல்லாமல் போகிறார்கள். பிறகு உதவித் திட்டம் போடும்போது "இந்த வட்டாரத்தில் அவ்வளவு ஏழ்மை இல்லையே" என்று ஒரு அதிகாரி சொன்னால், அவர் கையில் இருக்கும் தாளின்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

நம் சமூகத்தில் எல்லோரும் கேட்கும் ஒன்றையும் தொட்டுவிடுகிறேன். குடிமக்களில் இந்தியர் பங்கு 2010இல் 7.3 விழுக்காடு, 2020இல் 6.7 விழுக்காடு. இது குறைத்து எண்ணியதால் வந்ததா? பெரும்பகுதிக்குக் காரணம் பிறப்பு வீதம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தியக் குடும்பங்களில் பிள்ளைப்பேறு, மக்கள் தொகை நிலைத்திருக்கத் தேவையான, ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளைகள் என்ற அளவுக்குக் கீழே போய்ப் பல காலமாகிறது. அதோடு பங்கு குறைந்தாலும் தலை எண்ணிக்கை குறையவில்லை, சுமார் 19 லட்சத்திலிருந்து 20 லட்சத்தை ஒட்டி ஏறியிருக்கிறது. அந்தச் சரிவில் ஒரு சிறு பகுதி விடுபட்ட வீடுகளால் வந்திருக்கலாமா என்றால், இருக்கலாம். ஆனால் வெளியே நின்று அதை அளந்து சொல்ல யாராலும் முடியாது. இவ்வளவு பேர் மறைக்கப்பட்டார்கள் என்று எண்ணோடு மேடையில் பேசுபவரை நம்பாதீர்கள்.

உங்கள் கட்டடத்தில் அடையாள அட்டைச் சிக்கல் உள்ளவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கக்கூடும். கணக்கெடுப்பு குடிமக்களுக்கு மட்டுமானது அல்ல. ஆறு மாதமோ அதற்கு மேலோ இங்கே வசிப்பவர்கள், எந்த நாட்டவராக இருந்தாலும், எண்ணப்பட வேண்டியவர்கள். 2020இல் எண்ணப்பட்ட 3 கோடியே 24 லட்சம் பேரில் 8.3 விழுக்காட்டினர் குடிமக்கள் அல்லாதவர்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடும் ஆவணமே இல்லாமலும் வாழும் நம் மூத்தவர்கள் எண்ணப்படாமல் போனால், அவர்களுடைய பிரச்சினையின் அளவைச் சொல்லவே நமக்கு ஆதாரம் இருக்காது. அதே நேரத்தில், எண்ணப்பட்டதால் குடியுரிமை கிடைத்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது தேசியப் பதிவுத் துறையின் தனி வழி.

பத்தாண்டுக்கு ஒரு முறை என்ற வழக்கப்படி அடுத்தது 2030. இப்போதே தொடங்கலாம். முதலில் உங்கள் நிர்வாகக் குழு, கட்டடத்தில் எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறது, எத்தனை வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போயிருக்கின்றன என்று பெயர் எதுவும் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் குறித்து வையுங்கள். அடுத்து, மன்றத்தின் கட்டட ஆணையர் பிரிவுக்கும் திட்டப் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை எழுதி, அதன் நகலை மாநிலப் புள்ளியியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கடிதத்தில் மூன்று கேள்விகள் போதும். கணக்கெடுப்புக்கு முன் முகவரிப் பட்டியல் துறையோடு ஒத்துப் பார்க்கப்படுமா? அடுக்ககங்களுக்குச் சுற்றறிக்கை வருமா? அந்த வாரங்களில் அமலாக்கம் விலகி நிற்குமா? மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். உங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்பது மன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கும். அவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர், மாநில அரசு நியமித்தவர். எனவே சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். எண்ணும் காலம் வரும்போது தமிழ் தெரிந்த இளையோரைத் தற்காலிகக் கணக்கெடுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பாட்டி ஒருவர் தனியாக இருக்கும் வீட்டில் "அம்மா, கணக்கெடுப்புக்கு வந்திருக்கிறேன்" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால், வேறெந்த ஏற்பாட்டையும்விட அது விரைவில் கதவைத் திறக்கும். கடிதம் எழுதும்போது மலாய் வாசகத்தில் உதவி தேவைப்பட்டால் இங்கேயே கேளுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.